சேரன்மாதேவிக் குருகுலமும் விதிவிலக்கும்

சங்கமென ஒன்று கூடினால் விதியென ஒன்று வேண்டும். விதியென ஒன்று எழுதப்பட்டால் விலக்குக் கேட்டு ஒருவர் வந்து நிற்பார். இஃது உலக வழக்கு. உட்துறைமுகத்தை நோக்கியிருக்கும் நமது உவர்மலையிலே இளைஞர் காரியங்களைத் தலைமேற்கொண்டு நடத்தியோர் யாவரும் இதனை அநுபவத்தால் அறிவர். பேச்சுப் போட்டிக்கு வயதெல்லை பதினைந்து என்று அறிவித்த மறுநாளே, “பதினைந்து முடிஞ்சு பத்து நாள்தானே, தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ” என்று ஒரு தாயார் வாசலில் நிற்பார். ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காக வராதவருக்குப் பரிசில்லை என்றால், தகப்பனுடன் விடியற்காலையில் கரைவலைக்குப் போகும் பிள்ளை தலைகுனிந்து நிற்பான். நன்கொடை தந்த பெரியவரின் பேரன் விண்ணப்பத் தேதி கடந்தபின் வருவான். இம் மூவருக்கும் ஒரே விடை சொல்லலாமா? சொல்லலாகாது என்று மனம் கூறுகிறது. ஆயின் எதனால் சொல்லலாகாது என்று கேட்டால் நம்மிற் பலர் தடுமாறுவோம்.

இக் கேள்விக்கு விடை தேடுமிடத்து, நூறாண்டுக்கு முன் தமிழகத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவம் நமக்குப் பேருதவி புரிகின்றது. ஒரு கல்விச்சாலையிலே இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு விலக்கு, அச் சாலையையே வீழ்த்தி, ஒரு மாபெருங் கட்சியைப் பிளந்து, தமிழ்நாட்டு அரசியலின் போக்கினையே மாற்றுதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அதுவே சேரன்மாதேவிக் குருகுலத்தின் கதை.

குருகுலத்தை நிறுவியவர் வ. வே. சு. ஐயர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியிலே 1881 ஆம் ஆண்டு பிறந்த இப் பெரியார் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்று, அங்கே விடுதலை வீரரோடு கூடி, முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்துப் பட்டத்தைத் துறந்தவர். 1910 இல் மாறுவேடம் பூண்டு பொலிசாரின் கண்ணுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். அங்கே பாரதியாருடன் பத்தாண்டளவு வாழ்ந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பலராலும் போற்றப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’ இவர் எழுதியதே. 1920 இல் தமிழகத்துக்கு மீண்டு, ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தி, அதன் பொருட்டுப் பல்லாரிச் சிறையிலிருந்த காலத்திலே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். இத்தகைய தியாகியை, இத்தகைய அறிஞரை, நாம் எளிதாகக் குறைகூறிவிட முடியாது. அதனாலேதான் அவர் வாழ்விலிருந்து கற்கவேண்டிய பாடம் கனமானதாக இருக்கின்றது.

ஒத்துழையாமை இயக்கம் பரவிய காலம் அது. அரசாங்கப் பள்ளிகளை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குத் தேசியக் கல்வி அளிக்க வேண்டும் என்ற ஆர்வம் எங்கும் எழுந்தது. ஐயர் 1922 ஆம் ஆண்டிலே திருநெல்வேலிச் சீமையில், முதலிற் கல்லிடைக்குறிச்சியிலும் பின்னர்த் தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியிலுமாகத் தமது குருகுலத்தை அமைத்தார். பரத்துவாச ஆச்சிரமம் என்பது அதன் பெயர். தமிழே போதனாமொழி, ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் உழவும் உண்டு, உடலுழைப்பைக் கேவலமாக எண்ணாத, நாட்டுக்கென வாழும் ஒரு புதிய தலைமுறையை ஆக்குவதே அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பதினாயிரம் ரூபாய் தருவதாக வாக்களித்து, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. கமிட்டியின் காரியதரிசியாக அக்காலத்தில் இருந்தவர் ஈ. வெ. ராமசாமி நாயக்கர், பின்னாளில் பெரியார் என்று உலகம் அறிந்தவர். கடல்கடந்து சென்ற தமிழரும் மனமுவந்து பொருள் உதவினர்.

இனி விலக்கின் கதைக்கு வருவோம்.

குருகுலத்திலே பிள்ளைகள் யாவரும் ஒரே பந்தியில் உண்பது வழக்கம் என்றும், இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றார் மாத்திரம் தங்கள் பிள்ளைகள் தனியே உண்ண இடந்தரவேண்டும் என்று கேட்க, ஐயர் அதற்கு இசைந்தார் என்றும் ஐயர் தரப்பார் கூறினர். எதிர்த்தரப்பாரோ, வேற்றுமை இரு பிள்ளைகளோடு நிற்கவில்லை, உணவிலும் தண்ணீர்ப் பானையிலும் வழிபாட்டிலும் அது பரவியிருந்தது என்றனர். பின்னாளிற் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான் என்றும், பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காகக் கண்டிக்கப்பட்டான் என்றும், அச் செய்தியே தகப்பன் வாயிலாகப் பெரியாருக்கு எட்டிற்று என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. எவ்வாறாயினும், தனியே உண்ணும் விலக்கு ஒன்று இருந்தது என்பதில் இரு தரப்பாருக்கும் பேதமில்லை.

ஐயர் சாதிபேதம் பாராட்டியவரா? அவரோடு பழகியவர்கள் அல்லவென்றே எழுதியிருக்கின்றனர். அப்படியானால் ஏன் இணங்கினார்? அவருடைய நிலையில் நம்மை வைத்துப் பார்க்கவேண்டும். சாலை புதிது, பிள்ளைகள் சேருவது அரிது. ஆசாரமுள்ள ஒரு குடும்பம் தன் பிள்ளையை அனுப்பத் துணிந்து, ஒரேயொரு சலுகை கேட்கிறது. மறுத்தால் அப் பிள்ளை தேசியக் கல்வியின் வாசலையே காணமாட்டான். இணங்கினால் நாளடைவில் அவனே மனம் மாறித் தோழர் பந்தியில் வந்து அமர்ந்துகொள்ளக்கூடும். இப்படி எண்ணி ஒருவர் இணங்குவது இயல்பே. சங்கம் நடத்தும் நாமும் எத்தனையோ முறை இப்படித்தான் எண்ணி இணங்குகிறோம்.

ஆனால் செய்தி வெளியாகியதும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தமது ‘தமிழ்நாடு’ பத்திரிகையிலே கடுமையாக எழுதினார். பெரியார் காங்கிரசுக்குள்ளேயே போர் தொடுத்தார். பொதுப் பணத்தில் நடக்கும் தேசியச் சாலையிலே பிறப்பினால் ஒரு பந்தி வேறாகலாமா என்பதே அவர்கள் கேள்வி. 1925 மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது வழக்கு அவரிடம் சென்றது. பெற்றாருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டமையால் அவ்விரு பிள்ளைகளுக்கு மட்டும் சலுகை இருந்துபோகட்டும். இனிமேற் சேரும் பிள்ளை எவருக்கும் அது கூடாது என்பது அடிகள் கருத்து. வாக்கின் தூய்மையையும் சமத்துவத்தையும் ஒருங்கே காக்க அவர் முயன்றார். ஆயின் நெருப்பு அதற்குள் கூரைக்கு ஏறிவிட்டது. அவ்வாண்டு ஏப்பிரில் இறுதியில் திருச்சிராப்பள்ளியிற் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியிலே எஸ். ராமநாதன் ஒரு தீர்மானங் கொண்டுவந்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த தாபனங்கள் யாவும் இதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறிற்று. இதனையொட்டி எழுந்த மனத்தாங்கலால் ராஜாஜி உள்ளிட்ட சிலர் நிருவாக சபையிலிருந்து விலகினர்.

ஐயர் குருகுலத்தின் பொறுப்பை மகாதேவ ஐயரிடம் ஒப்புவித்து ஒதுங்கினார். விதி அத்துடன் விடவில்லை. 1925 யூன் மாதத் தொடக்கத்திலே பாபநாசத்து அருவிப் பக்கம் பிள்ளைகளோடு சென்றிருந்தபோது, அவருடைய மகள் சுபத்திரை கால் தவறி நீரில் வீழ்ந்தாள். காப்பாற்றப் பாய்ந்த தந்தையும் அவளோடு மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. தலைவரை இழந்த குருகுலம் பழைய பொலிவை மீண்டும் பெறாது காலப்போக்கில் மறைந்தது. அதே ஆண்டு நவம்பரிற் காஞ்சிபுர மகாநாட்டிலே வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரசைத் துறந்து வெளியேறினார். அதன்பின் நடந்தவை யாவரும் அறிந்த சரித்திரம்.

நிற்க. ஐயரின் பிழை யாது? விலக்களித்தமையே பிழை என்று சொல்லிவிட்டால் காரியம் எளிது. ஆயின் விலக்கே இல்லாத விதி இரும்பு விலங்காகிவிடும். காந்தியடிகளின் வாழ்விலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்து ஒப்பு நோக்குவோம்.

முதலாவது, தென்னாபிரிக்காவிலே யொகானஸ்பேர்க் நகருக்கு அப்பால், நண்பர் கலென்பாக் 1910 இல் உதவிய ஆயிரத்து நூறு ஏக்கர் நிலத்தில் அமைந்த தால்ஸ்தாய்ப் பண்ணை. அங்கே இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி எனப் பல மதத்துப் பிள்ளைகளும் இருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தமையால் அடிகள் தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைக்கொண்டே அவர்களுக்குப் பாடஞ் சொன்னார். சமையல் ஒன்று, பந்தி ஒன்று. ஆயினும் ரம்ழான் நோன்பு வந்தபோது முஸ்லிம் பிள்ளைகளை நோன்பு நோற்கும்படி அவரே ஊக்கி, அந்திக்குப் பின் அவர்கள் உண்பதற்கு வேண்டியவற்றை ஒழுங்கு செய்தார். மற்றப் பிள்ளைகள் இதைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை. தாமும் ஒருவேளை உணவோடு கூட நோற்க முன்வந்தனர். இதுவும் உணவு பற்றிய விலக்கே. ஆனால் பிரிக்காமல் சேர்த்துவைத்த விலக்கு.

இரண்டாவது, 1915 இல் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பிலே அடிகள் தொடங்கிய ஆச்சிரமம். தொடங்கிச் சில மாதங்களுக்குள்ளே தூதாபாய் என்னும் தீண்டாதார் குலத்து ஆசிரியர், மனைவி தானிபென்னோடும் குழந்தை லக்ஷ்மியோடும் வந்து சேர்ந்தார். ஆச்சிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. கிணற்றடியில் வசைமொழி எழுந்தது. பொருள் தந்தோர் கையை மடக்கினர். அடுத்த மாதத்துக்குப் பணமில்லை என்ற நிலை வந்தது. இக் குடும்பத்துக்கு மட்டும் வேறு சமையல், வேறு இருப்பிடம் என்று ஒரு சிறு விலக்கு வைத்திருந்தால் நன்கொடை திரும்பியிருக்கலாம். அடிகள் அதைச் செய்யவில்லை. வேண்டுமாயின் எல்லோரும் தீண்டாதார் குடியிருப்புக்கே போய் வாழ்வோம் என்றார். ஒருநாள் செல்வர் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தி, பதின்மூவாயிரம் ரூபாயைக் கையிற் கொடுத்துவிட்டு உள்ளே வராமலே சென்றார். ஆச்சிரமம் பிழைத்தது.

பண்ணையிலே விலக்குத் தந்தவரும் ஆச்சிரமத்திலே விலக்கு மறுத்தவரும் ஒருவரே. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டால் நமது கேள்விக்கு விடை கண்டவராவோம்.

விலக்கு என்பது ஒருவனுடைய சுமையை இறக்குவது. இறக்கிய சுமை எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். நோன்பு நோற்கும் பிள்ளைக்கு அந்தியில் உணவு கொடுத்தால், மற்றப் பிள்ளையின் தலையில் ஒரு பாரமும் ஏறுவதில்லை. சமையல் செய்பவருக்குச் சிறிது வேலை கூடும், அவ்வளவே. ஆனால் “இவன் உன் பக்கத்தில் இருந்து உண்ணமாட்டான்” என்று ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால், அடுத்திருக்கும் பிள்ளைக்கு “நீ தாழ்ந்தவன்” என்று எழுதாமலே எழுதிக் கொடுத்ததாகிறது. சேரன்மாதேவியில் வாக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு பிள்ளைகளின் பெற்றாருக்கு. அவ் வாக்கின் பாரத்தைச் சுமந்தவர்களோ ஏனைய பிள்ளைகள். பந்திக்கு முந்து என்பது பழமொழி. பந்தியிலேயே புறக்கணிக்கப்பட்ட பிள்ளை எதற்கு முந்துவான்?

மேலும், ஒவ்வொரு தாபனத்துக்கும் உயிர்நிலையான விதி ஒன்று உண்டு. புறத்தே நிற்கும் விதிகள் பல உண்டு. குருகுலத்திலே, நோயுற்ற பிள்ளை வைகறையில் எழவேண்டாம் என்றாலும், மெலிந்த பிள்ளை மண்வெட்டி பிடிக்கவேண்டாம் என்றாலும் ஒருவரும் கேட்டிரார். நாட்டை ஒன்றாக்கப் பிள்ளைகளை ஆக்குவோம் என்று தொடங்கிய சாலைக்கு ஒரே பந்தி என்பது உயிர்நிலை. ஐயர் நகத்தை வெட்டுவதாக எண்ணி நரம்பை வெட்டிவிட்டார்.

வெளிப்படையும் முக்கியம். பொருள் கொடுத்தோருக்கும் ஏனைய பெற்றாருக்கும் தொடக்கத்திலேயே இச் சலுகை அறிவிக்கப்பட்டிருந்தால், சிலர் பொருள் தர மறுத்திருப்பர், சிலர் பிள்ளையை அனுப்பாது விட்டிருப்பர், அத்துடன் முடிந்திருக்கும். பிறர் வாயிலாகச் செய்தி கசிந்தபின் ஐயர் சொன்ன நியாயம் யாருடைய காதிலும் ஏறவில்லை. மறைவாகக் கொடுக்கும் சலுகை, நல்லெண்ணத்தோடு கொடுத்ததாயினும், வெளிப்படும் நாளிலே வஞ்சகம் போலவே தோன்றும்.

இது தமிழகத்துக் கதை, நமக்கென்ன என்று யாரும் எண்ணவேண்டாம். ஈழநாட்டிலும் உணவும் ஆசனமுமே சோதனைக் களங்களாயின. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பள்ளிகள் தொடங்கியபோது, மிஷன் வளவுக்குள் உண்ணமாட்டோம் என்ற பிள்ளைகளுக்காக அயலிலுள்ள சைவர் நிலத்திலே சமையற்கூடம் அமைத்த வரலாறு உண்டு. பின்னர் 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையிலே தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக்கியது. 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் இவ் வாலிபர்களே. 1930 ஆம் ஆண்டை ஒட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும் என்ற சம ஆசன விதி வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. தரையிலும் வாசற்புறத்திலும் இருந்து படித்த பிள்ளைகள் வாங்கில் ஏறியதைப் பொறாதார் சில பாடசாலைகளைத் தீயிட்டனர். எங்கள் பள்ளிக்கு மட்டும் விலக்கு வேண்டும், எங்கள் ஊருக்கு மட்டும் தவணை வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. வாலிபர் காங்கிரஸ் விதியின் பக்கமே நின்றது. அன்று விலக்கு வழங்கப்பட்டிருந்தால் விதியே எஞ்சியிராது.

நமது கிழக்கு மாகாணத்திலே இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை வளர்த்த சுவாமி விபுலாநந்தரை நாம் மறக்கலாகாது. 1931 இல் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவர், பணி முடிந்த வேளைகளிலே அயலிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று எழுத்தறிவித்தார். ஊர் வழக்கத்துக்கு அவர் செய்த விலக்கு அது. கீழே நிற்பவனை மேலே தூக்குவதற்காகச் செய்த விலக்கு.

இவ்விடத்திலே என் சொந்த அநுபவம் ஒன்றையும் கூறிவிடுகிறேன். இளமையிலே வேறோர் ஊரில் ஒரு வாலிபர் கழகத்துக்கு உதவிக் காரியதரிசியாக இருந்தேன். பேச்சுப் போட்டிக்கு விண்ணப்பத் தேதி முடிந்தபின், கழகத்துக்குக் கட்டடம் தந்தவரின் மகனை ஒருவரும் அறியாமற் சேர்த்துக்கொண்டோம். பெயர்ப்பட்டியலில் அவன் பெயரை எழுதியது என் கை. அவன் முதற்பரிசு பெற்றான், நன்றாகத்தான் பேசினான். ஆனால் இரண்டாவதாக வந்த பையனின் நண்பன் ஒருவன் இதே தேதி கடந்தமையால் முன்னரே திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். இருவரும் அன்று ஒன்றுஞ் சொல்லவில்லை. அடுத்த கிழமை முதல் கழகத்தின் பக்கம் அவர்கள் வரவுமில்லை. கட்டடம் இன்னும் நிற்கிறது. அவ்விரு பையன்களும் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆதலின், இளைஞர் காரியங்களை ஏற்று நடத்தும் தம்பி தங்கையருக்குச் சொல்வது இதுவே. விலக்குக் கேட்டு ஒருவர் வரும்போது உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே இணங்கவும் வேண்டாம். இயலாமையினாற் கேட்கிறாரா, மேன்மையினாற் கேட்கிறாரா என்று முதலிற் பாருங்கள். இறக்கும் சுமை வேறெந்தப் பிள்ளையின் தலையில் ஏறும் என்று பாருங்கள். விதியின் உயிர்நிலையை அது தொடுகிறதா என்று பாருங்கள். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிவையுங்கள். ஈற்றாக, அந்த விலக்கைப் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும் சபையிலே உரத்து வாசிக்க உங்களால் இயலுமா என்று உங்களையே கேளுங்கள். இயலுமாயின் தாராளமாகக் கொடுங்கள். அதே இடரோடு நாளை வருபவனுக்கும் கொடுங்கள். நா எழாதாயின் கொடாதீர்கள்.

இவ் வழியே பார்த்தால் நாம் தொடக்கத்திற் கண்ட மூவருக்கும் விடை கிடைத்துவிடும். கரைவலைக்குப் போகும் பிள்ளைக்கு வரவுக் கணக்கைத் தளர்த்தலாம். அதைச் சபையிற் சொன்னால் மற்றப் பிள்ளைகள் மகிழ்வர். பத்து நாள் கடந்த தம்பியை மேற்பிரிவிற் சேர்த்து, தாயாருக்குப் பணிவோடு காரணஞ் சொல்லலாம். நன்கொடையாளரின் பேரனுக்கு அடுத்த ஆண்டு உண்டு. பெரியவர் சிறிது கோபிப்பார்; அவர் உண்மையிற் பெரியவராயின், ஒருநாள் அதற்காகவே நம்மை மதிப்பார்.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைக்கென்று சலுகை கேட்க வாய் எடுக்குமுன், அயல்வீட்டுப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். வ. வே. சு. ஐயரிடம் சலுகை கேட்ட பெற்றார் தம் பிள்ளைகளின் நன்மையையே நாடினர். குருகுலத்தை அழிக்க வேண்டுமென்று அவர்கள் கனவிலும் எண்ணியிரார். ஆயினும் அச் சலுகையால் அவர்கள் பிள்ளைகளுக்கும் குருகுலம் இல்லாமற் போயிற்று.

தாமிரபரணி இன்றும் சேரன்மாதேவியைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. குருகுலம் இல்லை. நமது சங்கத்தின் பந்தியிலே இடப்படும் இலைகள் யாவும் ஒரே வரிசையில் இருக்கட்டும். அவ் வரிசையில் நோயுற்றவனுக்குக் கஞ்சி வேண்டுமாயின் அதே இலையிற் கஞ்சி வார்ப்போம்.